ஆட்டோகேடும் மேஸ்திரியும் – வீட்டு பிளான் யாருக்காக?

தர்மபுரி, அரூர், பாலக்கோடு, பென்னாகரம் என்று எந்த ஊர் கடைவீதிக்குப் போனாலும் "இங்கு வீட்டு பிளான் போட்டுத் தரப்படும்" என்று ஒரு போர்டைப் பார்க்கலாம். உள்ளே ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஆட்டோகேட் தெரிந்த ஒரு பையனோ பெண்ணோ. இரண்டு மூன்று நாளில் பிளான் ரெடி. வீட்டுக்காரர் அதைச் சுருட்டிக் கொண்டு போய் மேஸ்திரியிடம் கொடுப்பார். மேஸ்திரி ஒரு தடவை விரித்துப் பார்ப்பார். பிறகு கேட்கிற முதல் கேள்வி இது தான்: "சரிங்க, ரூம் எத்தனைக்கு எத்தனை?"

அது தான் தாளிலேயே எழுதியிருக்கிறதே என்று தோன்றும். எழுதியிருக்கிறது தான். ஆங்கிலத்தில், மில்லிமீட்டரில், கடுகு சைஸ் எழுத்தில்!

இதில் மேஸ்திரியின் தவறு எதுவும் இல்லை. அந்தத் தாள் அவருக்காகப் போடப்பட்டதே இல்லை. அனுமதி தரும் அலுவலகத்துக்காகவும், கடன் தரும் வங்கிக்காகவும் போடப்பட்டது. அதையே இன்னொரு பிரதி எடுத்து வேலை நடக்கிற இடத்துக்கும் அனுப்பிவிடுகிறார்கள். ஆனால் வீட்டைக் கட்டப் போவது அலுவலகமும் இல்லை, வங்கியும் இல்லையே.

வேலை நடக்கிற இடத்துக்குப் போகும் பிளானில் உள்ள பெயர்கள், அளவுகள், குறிப்புகள் எல்லாம் தமிழில் இருக்க வேண்டும். அதுவும் மேஸ்திரி பேசுகிற சொற்களில், வேலை நடக்கிற வரிசையில் இருக்க வேண்டும். ஆட்டோகேடில் இதெல்லாம் முடியாது என்பது வெறும் சாக்கு. இந்தக் கட்டுரையின் கட்சி இது தான்.

ஒரு எழுத்தை நம்பி நிற்கும் பால்கனி

பெயரில் என்ன இருக்கிறது, மேஸ்திரிக்கு அனுபவம் இருக்கிறதே என்று கேட்கலாம். ஓர் உதாரணம் பாருங்கள்.

இரண்டு பக்கமும் சுவரில் உட்கார்ந்திருக்கும் ரூம் தளம் நடுவில் தொய்யப் பார்க்கும். அப்போது அடிப்பக்கம் இழுபடும். கான்கிரீட்டுக்கு அழுத்தத்தைத் தாங்கத் தெரியும், இழுப்பைத் தாங்கத் தெரியாது. அதற்காகத் தான் முக்கியக் கம்பியை அடிப்பக்கம் போடுகிறார்கள். ஆனால் சன்ஷேடு, பால்கனி மாதிரி ஒரு பக்கம் மட்டும் பிடிப்பு உள்ள தளத்தில் கதை தலைகீழ். அங்கே இழுபடுவது மேல்பக்கம். ஆகவே முக்கியக் கம்பி மேலே இருக்க வேண்டும். தெரியாமல் கீழே போட்டால், செண்ட்ரிங் பிரிக்கிற அன்றைக்கே பால்கனி இறங்கிவிடலாம். சரியாக மேலே கட்டியிருந்தாலும், கான்கிரீட் போடும்போது ஆட்கள் மிதித்து மிதித்துக் கம்பி கீழே போய்விட்டால் அதே ஆபத்து தான்.

இவ்வளவு முக்கியமான விஷயம் வரைபடத்தில் எப்படி எழுதப்படுகிறது? 'டி' என்ற ஒற்றை ஆங்கில எழுத்தாக. டாப் என்பதன் சுருக்கம். இதில் வேடிக்கை என்னவென்றால், வேறு பல வரைபடங்களில் அதே 'டி' டோர் கம்பி என்பதைக் குறிக்கும். இரண்டும் ஒரே வரியில் வருவதும் உண்டு. கம்பி கட்டுகிறவர் ஊகித்துத் தான் வேலை செய்ய வேண்டும். அதற்குப் பதிலாக "பால்கனி முக்கியக் கம்பி மேலே வர வேண்டும். கீழே போடக்கூடாது. மிதிபடாமல் சேர் கம்பி வைக்கவும்" என்று எழுதினால் எவ்வளவு இடம் பிடித்துவிடும்? இரண்டு வரி.

இன்னொன்று 'எல்.டி.'. கம்பியோடு கம்பி ஒட்டுப் போடும் இடத்தில் இப்படி எழுதிவிட்டு நிறுத்திவிடுவார்கள். இது கம்பி கான்கிரீட்டுக்குள் எவ்வளவு நீளம் புதைந்தால் பிடிப்பு கிடைக்கும் என்பதன் சுருக்கம். ஐ.எஸ். 456:2000 கணக்குப்படி எம்20 கான்கிரீட்டில் 500 கிரேடு கம்பிக்கு இது இழுப்பு உள்ள இடத்தில் விட்டத்தைப் போல் சுமார் 57 மடங்கு. 12 எம்எம் கம்பிக்கு 684 மில்லிமீட்டர். அதாவது ஏறத்தாழ 2 அடி 3 அங்குலம். வகுப்பில் படித்தவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியும். கம்பி கட்டுகிறவர் எதற்காகக் கணக்குப் போட வேண்டும்? "12 எம்எம் கம்பிக்கு ஒட்டு 2 அடி 3 அங்குலம்" என்று வரைந்தவரே எழுதிவிட்டால் முடிந்தது.

மென்பொருள் மேல் பழி போடலாமா?

ஆட்டோகேட் 1982 டிசம்பரில் வெளிவந்தது. ஆரம்பத்தில் எழுத்துகளைக் கோடுகளாகவே இழுக்கும் எஸ்.எச்.எக்ஸ். வகை எழுத்துருக்கள் தான் அதில் இருந்தன. பிறகு விண்டோஸ் எழுத்துருக்களைப் பயன்படுத்தும் வசதி வந்தது. அப்போது பாமினி போன்ற பழைய எழுத்துருக்களை வைத்துத் தமிழை உள்ளே கொண்டுவந்தார்கள். அதில் ஒரு பெரிய தொல்லை. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் கோப்பைத் திறந்தால் 'சமையலறை' இருந்த இடத்தில் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள் வந்து நிற்கும். பிரிண்ட் போடும் கடையில் இப்படி ஒரு முறை மானம் போனவர்கள் அடுத்த முறை தமிழ்ப் பக்கமே போக மாட்டார்கள். நியாயம் தான்.

ஆனால் அந்தக் காலம் போய்விட்டது. ஆட்டோகேட் 2007 பதிப்பிலிருந்து கோப்பே யூனிகோடு முறையில் இருக்கிறது. விண்டோஸ் 2000 வந்தபோதே லதா எழுத்துரு கூடவே வந்துவிட்டது. விண்டோஸ் 8 முதல் நிர்மலா யூ.ஐ. இருக்கிறது. தமிழக அரசும் 2010 ஜூனில் யூனிகோடை ஏற்று ஆணை போட்டுவிட்டது. இத்தனைக்குப் பிறகும் "தமிழ் வராது" என்று சொல்வது சரியில்லை.

என்னென்ன செய்ய வேண்டும்? பெரிய வித்தை எதுவும் இல்லை.

முதலில் டெக்ஸ்ட் ஸ்டைல். 'தமிழ்' என்று புதிதாக ஒன்று உருவாக்கி, அதற்கு ஒரு யூனிகோடு எழுத்துருவைக் கொடுத்துவிடுங்கள். ஒற்றை வரி டெக்ஸ்டை விட எம்டெக்ஸ்ட் நல்லது. எதற்கும் 'கொத்து', 'மேடை', 'சோதனை' என்று மூன்று சொற்களை அடித்து, கொம்பும் காலும் அதனதன் இடத்தில் நிற்கின்றனவா என்று பார்த்துக் கொள்ளுங்கள். (லிப்ரேகேட் போன்ற இலவச மென்பொருளில் கோட்டு எழுத்துருக்கள் தான் என்பதால் அங்கே சிக்கல் வரும்.) கடைக்குக் கொடுக்கும்போது வரைபடக் கோப்பாகக் கொடுக்காமல் பி.டி.எஃப். ஆக்கிக் கொடுத்தால் எழுத்துருவும் அதோடு சேர்ந்தே போய்விடும்.

இரண்டாவது லேயர். ஆங்கில எழுத்துக்கு ஒரு லேயர், தமிழ் எழுத்துக்கு ஒரு லேயர். சுவர், கதவு, ஜன்னல் எல்லாம் இரண்டுக்கும் பொது. பிறகு 'அனுமதி', 'வேலையிடம்' என்று இரண்டு லேஅவுட். முதலாவதில் தமிழ் லேயரை அந்த வியூபோர்ட்டில் மட்டும் ஃப்ரீஸ் செய்யுங்கள், இரண்டாவதில் ஆங்கில லேயரை. படம் ஒன்று, முகம் இரண்டு. ஒரு சுவரை நகர்த்தினால் இரண்டு தாளிலும் நகரும். தனித்தனிக் கோப்பாக வைத்தால் ஒன்றைத் திருத்தி மற்றொன்றை மறந்துவிடும் ஆபத்து உண்டு. இதில் அந்த ஆபத்து இல்லை.

மூன்றாவது பிளாக். கதவு, ஜன்னல் குறியீடுகளை அட்ரிபியூட் வைத்த பிளாக்காகச் செய்து, ஒரே பிளாக்கில் ஆங்கிலப் பெயருக்கு ஒன்று, தமிழ்ப் பெயருக்கு ஒன்று என்று இரண்டு அட்ரிபியூட் கொடுக்கலாம். ஒவ்வொன்றையும் அதனதன் லேயரில் வைத்தால் மேலே சொன்ன மாதிரியே மறையும், தெரியும். எத்தனை கதவு, எத்தனை ஜன்னல் என்ற பட்டியலையும் டேட்டா எக்ஸ்ட்ராக்‌ஷன் மூலம் மென்பொருளே எடுத்துக் கொடுத்துவிடும். ஆசாரியிடம் அந்தப் பட்டியலைக் கொடுத்தால் போதும்.

நான்காவது அளவு. டைமென்ஷன் ஸ்டைலில் ஆல்டர்நேட் யூனிட்ஸ் என்று ஒரு பக்கம் இருக்கிறது. மில்லிமீட்டரில் வரைந்தாலும் அடி அங்குலத்தைப் பக்கத்திலேயே காட்டும். மேஸ்திரியின் டேப்பில் இரண்டும் இருக்கிறது, ஆனால் அவர் மனதில் இருப்பது அடி தான்.

ஐந்தாவது எழுத்தின் அளவு. இது தான் அதிகம் கவனிக்கப்படாத விஷயம். ஏ1 தாளுக்கு என்று 2.5 மில்லிமீட்டர் உயரத்தில் எழுத்தை அமைத்துவிட்டு, செலவு மிச்சம் என்று ஏ3 தாளில் சுருக்கி பிரிண்ட் எடுத்தால் எல்லாம் சரி பாதியாகிவிடும். எழுத்தின் உயரம் 1.25 மில்லிமீட்டர்! வெயிலில், சிமெண்ட் தூசியில், நாற்பது வயதுக் கண்ணுக்கு அது எப்படித் தெரியும்? தமிழ் எழுத்தில் சுழியும் வளைவும் அதிகம். எந்தத் தாளில் பிரிண்ட் எடுப்பார்களோ அந்தத் தாளில் 3.5 மில்லிமீட்டராவது வரும்படி வைப்பது நல்லது. 1:50 அளவில் வரைந்தால் மாடலில் 175 மில்லிமீட்டர். ஆட்டோகேட் 2008 பதிப்பில் வந்த அன்னோடேடிவ் வசதியை வைத்தால் இந்தப் பெருக்கல் கூடத் தேவையில்லை.

இதையெல்லாம் ஒரு தடவை செய்து டெம்ப்ளேட் கோப்பாகச் சேமித்துவிட்டால் போதும். அடுத்த வீட்டுக்கு எல்லாம் தயாராக இருக்கும்.

எந்தத் தமிழ்?

இங்கே தான் பலர் சறுக்குகிறார்கள். தமிழில் எழுதலாம் என்றவுடன் கலைச்சொல் அகராதியைத் தூக்கிக் கொண்டு வருகிறார்கள். பீம் என்பதற்கு 'உத்திரம்' என்று போட்டால், ஊரில் உத்திரம் என்றால் ஓட்டு வீட்டின் மரக்கட்டை. ஜன்னலைச் 'சாளரம்' என்று எழுதினால் மேஸ்திரி சிரிப்பார். வேலையிடத்தில் ஏற்கெனவே ஒரு தமிழ் இருக்கிறது. பில்லர், பீம், லிண்டல், சன்ஷேடு, செண்ட்ரிங், கவர் பிளாக் எல்லாம் இங்கிலீஷ் சொல்லாக இருக்கலாம், ஆனால் இன்றைக்கு அவை மேஸ்திரியின் தமிழ். கடைக்கால், வாசக்கால், கைப்பிடிச் சுவர், பரண், ரசமட்டம், தூக்குக்குண்டு என்பவையும் அவருடைய தமிழ் தான். இரண்டையும் தமிழ் எழுத்தில் அப்படியே எழுதுவது தான் முறை. மொழியை வளர்க்கும் வேலையை வேறு இடத்தில் வைத்துக் கொள்ளலாம். பில்லர் குழிக்குள் வேண்டாம்.

சுருக்கெழுத்துகளையும் இதே மாதிரி விரித்து எழுத வேண்டும். 'டி.ஒய்.பி.' என்பதற்கு "எல்லா இடத்திலும் இதே போல்". 'என்.டி.எஸ்.' என்பதற்கு "படத்தை அளக்க வேண்டாம், எழுதிய அளவைப் பார்க்கவும்". இரண்டாவது குறிப்பைப் படிக்காமல் படத்தின் மேல் டேப் வைத்து அளப்பவர்கள் எத்தனை பேர் என்று வேலையிடத்தில் நின்று பார்த்தால் தெரியும்.

வரிசை யாருடைய வரிசை?

அனுமதி பிளானுக்கு ஒரு வரிசை உண்டு. தரைத்தள பிளான், முகப்பு, வெட்டுத்தோற்றம், மனை வரைபடம், பரப்பளவுப் பட்டியல். அலுவலகத்தில் சரிபார்க்க அது வசதி. ஆனால் வேலையிடத்தில் முதல் நாள் தேவைப்படுவது முகப்பு இல்லை. எங்கே குழி எடுப்பது, எவ்வளவு ஆழம் என்பது தான். அந்த விவரம் கடைசித் தாளின் மூலையில் கிடக்கும். கம்பி விவரம் இன்னொரு தாளில். குறிப்புகள் மூன்றாவது தாளில், இருபது வரிகளாக.

வேலை நடக்கிற வரிசையில் தாளைப் பிரித்தால் என்ன? ஒரு சின்ன வீட்டுக்கு ஏ3 தாளில் ஐந்து போதும். ஒன்று, மனையில் வீடு நிற்கும் இடமும் பில்லர் குழிகளும். இரண்டு, கடைக்காலும் பிளிந்த் பீமும். மூன்று, சுவர், கதவு, ஜன்னல். நான்கு, லிண்டல், சன்ஷேடு, பரண். ஐந்து, தளமும் படிக்கட்டும். ஒவ்வொரு தாளிலும் இடது பக்கம் படம், வலது பக்கம் அதற்கான கம்பி விவரம், கீழே அந்த வேலைக்கு மட்டும் உரிய நான்கைந்து குறிப்பு. முதல் தாளில் "குழிக்குள் கம்பிக்கு எல்லாப் பக்கமும் 2 அங்குல கவர்" என்று இருக்க வேண்டும். ஐ.எஸ். 456 அடித்தளத்துக்குக் கேட்பது 50 மில்லிமீட்டர். அதைத் தளத்துக்கான 20 மில்லிமீட்டரோடு சேர்த்து ஒரே பட்டியலில் போட்டால் யாராவது ஒருவர் மாற்றிப் படிக்கத் தான் செய்வார். கவர் குறைந்தால் ஈரம் கம்பியைத் தொடும், துரு பிடிக்கும், சில வருடங்களில் காரை உடைந்து விழும். வீட்டுக்காரர் சிமெண்ட் கம்பெனியைத் திட்டுவார்.

படிக்கத் தெரியாதவர்களுக்கு?

2011 கணக்கெடுப்பில் தர்மபுரி மாவட்டத்தின் எழுத்தறிவு 68.5 சதவீதம். அன்றைக்குத் தமிழ்நாட்டிலேயே கடைசி. ஆகவே தமிழில் எழுதினால் எல்லோருக்கும் புரிந்துவிடும் என்று சொல்வதும் ஏமாற்று தான்.

இதற்கு விடை இதே மாவட்டத்தில் கல்லில் இருக்கிறது. தர்மபுரி அரசு அருங்காட்சியகத்தில் உள்ள நடுகற்களைப் பாருங்கள். வில்லும் வாளுமாக வீரனின் உருவம். கூடவே வட்டெழுத்தில் யாருடைய ஆட்சியில், எந்த ஊரில், யார், எதற்காக இறந்தான் என்ற குறிப்பு. எழுத்துத் தெரிந்தவன் படிப்பான், தெரியாதவன் படத்தைப் பார்ப்பான். எழுத்தும் படமும் சேர்ந்து வேலை செய்கின்றன.

பிளானிலும் அதைச் செய்யலாம். 8 எம்எம் கம்பிக்கு ஒரு நிறம், 10 எம்எம்முக்கு ஒரு நிறம், 12 எம்எம்முக்கு ஒரு நிறம். எல்லாத் தாளிலும் அதே நிறம். கம்பியை வளைக்க வேண்டிய வடிவத்தை வரைந்து அதன் மேலேயே அளவை எழுதிவிடலாம். மேல் கம்பி, கீழ்க் கம்பி வித்தியாசத்தை வெட்டுத்தோற்றத்தில் பெரிதாகக் காட்டலாம். லேயருக்கு நிறம் கொடுப்பது எல்லோரும் தினமும் செய்கிற வேலை தானே.

சொல்லப்படும் மறுப்புகள்

"அலுவலகத்தில் ஆங்கிலம் தான் கேட்கிறார்கள்." கேட்கட்டும். அதற்குத் தான் இரண்டு லேஅவுட். அனுமதித் தாளில் யாரும் கை வைக்கச் சொல்லவில்லை.

"இப்போது வடமாநிலத் தொழிலாளர்கள் அல்லவா வேலை செய்கிறார்கள்?" பெரிய கட்டடங்களில் உண்மை. அவர்களுக்கு இந்தி லேயர் ஒன்று சேர்க்கலாம், முறை அதே தான். இதே தர்மபுரி மாவட்டத்திலிருந்து எத்தனையோ பேர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறார்கள். அங்கே புரியாத எழுத்தின் முன்னால் நிற்பது எப்படி இருக்கும் என்று அவர்களைக் கேட்டால் தெரியும். தன் ஊரிலாவது அந்த நிலை வேண்டாமே.

"இன்ஜினியர் கூடவே இருந்து விளக்கினால் போதாதா?" போதும், அவர் இருந்தால். 2024 ஜூலை முதல் தமிழ்நாட்டில் 2500 சதுர அடி வரை உள்ள மனையில் 3500 சதுர அடிக்குள் வீடு கட்ட, சுயசான்று முறையில் இணையத்திலேயே உடனே அனுமதி கிடைக்கிறது. மக்களுக்கு நல்ல வசதி. அதே நேரம், வேலையிடத்தில் மேஸ்திரியும் தாளும் மட்டுமே இருக்கும் வீடுகள் இதனால் கூடத்தான் செய்யும். 2024 இல் தொடங்கிய கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் அரசு தருகிறது. இந்த மாதிரி வீடுகளில் ஒவ்வொரு மூட்டையும் எண்ணித் தான் வாங்க வேண்டும். தவறாகக் கட்டிய சுவரை இடித்துக் கட்டக் காசு இருக்காது.

இன்னொரு ஆளையும் மறக்கக் கூடாது. வீட்டுக்காரர். நகையை அடகு வைத்துக் கட்டும் வீட்டின் பிளானை அந்த வீட்டு அம்மாவால் படிக்க முடிந்தால், சமையலறை ஜன்னல் தவறான சுவரில் வருகிறது என்று கட்டும் முன்பே சொல்லிவிடுவார். அவரை விடக் கவனமாகப் பார்க்கும் சூப்பர்வைசர் யாரும் கிடைக்க மாட்டார்.

அண்ணா பல்கலைக்கழகம் 2010 இலேயே சிவில், மெக்கானிக்கல் பாடங்களைத் தமிழ் வழியில் தொடங்கியது. பாடத்தைத் தமிழில் படிக்கலாம் என்று வந்த பிறகும், வரைபடத்தின் மேல் ஒரு தமிழ் எழுத்து ஏறவில்லை. ஜப்பானில் ஜப்பானிய மொழியில், ஜெர்மனியில் ஜெர்மன் மொழியில் வரைபடம் போடுகிறார்கள். அங்கெல்லாம் இதை யாரும் புதுமை என்று சொல்வதில்லை.

சிவில் படிக்கும் நண்பர்கள் அடுத்த தடவை கேட் லேபில் உட்காரும்போது ஒன்று செய்து பார்க்கலாம். ரெக்கார்டுக்காகப் போட்ட அதே வீட்டு பிளானில் ஒரு தமிழ் லேயர் சேர்த்து, ஏ3 தாளில் ஒரு பிரிண்ட் எடுத்து, தெருவில் வேலை நடக்கிற ஏதாவது ஒரு வீட்டு மேஸ்திரியிடம் காட்டுங்கள். எதுவும் விளக்க வேண்டாம். எதைத் தானாகப் படிக்கிறார், எதைத் திருப்பிக் கேட்கிறார் என்று மட்டும் குறித்துக் கொள்ளுங்கள். அவர் திருப்பிக் கேட்கிற ஒவ்வொன்றும் வரைந்தவர் திருத்த வேண்டியது.